பொறுப்பின் இருப்பிடம்: டிசிபி, ஐபி நெறிமுறைகளின் பிரிவும் அதன் விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் அடித்தளமாக விளங்கும் டிசிபி, ஐபி ஆகிய இரு நெறிமுறைகளும் தொடக்கத்தில் ஒரே நெறிமுறையாகவே வரையப்பட்டன. 1978ஆம் ஆண்டில் அவை இரண்டாகப் பிரிக்கப்பட்டன. தரவு பழுதின்றிச் சென்று சேர்வதற்குப் பொறுப்பேற்க வேண்டியது இடைநின்று கடத்தும் வலையமைப்பா, இரு முனைகளிலும் உள்ள கணினிகளா என்னும் வினா இப்பிரிவின் அடியில் இருந்தது. 1969 முதல் 1988 வரையிலான வளர்ச்சியை இவ்வினாவின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கிறது. பொறுப்பை முனைகளுக்கு மாற்றியமை இணையத்தின் பரவலுக்கு வழிவகுத்தது. அம்மாற்றத்தின் முழுப்பொருள் 1986ஆம் ஆண்டின் நெரிசலுக்குப் பின்னரே உணரப்பட்டது. பிரிவு முழுமை பெறாமையின் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன என்பன இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நெறிமுறை, பொதி, ஒப்புகை, முனைக் கணினி, நெரிசல், டிசிபி, ஐபி, யுடிபி

முன்னுரை

கணினி வலையமைப்பு பற்றிய பாடநூல்கள் நெறிமுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படமாகக் காட்டுகின்றன. கீழே கம்பியும் அலையும், அதன்மேல் ஐபி, அதன்மேல் டிசிபி, எல்லாவற்றிற்கும் மேலே மின்னஞ்சலும் வலைத்தளமும் என அப்படம் அமையும். இவ்வடுக்குகள் தொடக்கம் முதலே இவ்வாறு திட்டமிடப்பட்டவை என்னும் எண்ணம் கற்போரிடம் எழுவது இயல்பு. ஆயின் ஐபிக்கும் டிசிபிக்கும் இடையே இன்று காணப்படும் கோடு, ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலச் சோதனைகளுக்கும் விவாதங்களுக்கும் பின்னரே வரையப்பட்டது. அக்கோட்டின் வரலாற்றை அறியாதவிடத்து, அடுக்குகளின் படம் மனப்பாடத்திற்குரிய ஒன்றாகவே நின்றுவிடும்.

சில சொற்களின் பொருளை முதலில் வரையறுத்தல் தகும். இரு கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான உடன்பாட்டு விதிகளின் தொகுப்பே நெறிமுறை. நீண்ட செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் மீதும் முகவரியைப் பொறித்து அனுப்பும்போது அத்துண்டு பொதி எனப்படும். செய்தியை அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் முனைக் கணினிகள். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றிற்குப் பொதியைக் கடத்திவிடும் பொறி தொடக்கத்தில் நுழைவாயில் என அழைக்கப்பட்டது. இன்று அது திசைவி எனப்படுகிறது.

அர்பாநெட்டும் வலையமைப்பின் பொறுப்பும்

செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பும் கருத்தை 1960களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரனும், பிரித்தானியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே உருவாக்கினர். இக்கருத்தைப் பெரிய அளவில் செயற்படுத்திய முதல் வலையமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்பா அமைப்பு நிதியளித்த அர்பாநெட் ஆகும். 1969ஆம் ஆண்டின் இறுதிக்குள் லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம், சாண்டா பார்பரா, யூட்டா ஆகிய நான்கு இடங்கள் அதில் இணைந்தன.

அர்பாநெட்டில் முனைக் கணினிகள் நேரடியாகத் தம்முள் இணைக்கப்படவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஐஎம்பி எனப்பட்ட சிறு கணினி ஒன்று நிறுவப்பட்டது. போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனம் வடிவமைத்த இந்த ஐஎம்பிகளே செய்தியைப் பொதிகளாகப் பிரித்தன. பிழை நேர்ந்தால் மீண்டும் அனுப்பின. சேருமிடத்தில் வரிசைப்படுத்தி ஒன்றுசேர்த்து முனைக் கணினியிடம் ஒப்படைத்தன. செய்தி சேர்ந்தது என்னும் குறிப்பும் அனுப்பியவருக்குத் திரும்பி வந்தது. முனைக் கணினிகள் பயன்படுத்திய என்சிபி என்னும் நெறிமுறை, வலையமைப்பு நம்பகமானது என்னும் கருத்தின்மீதே எழுப்பப்பட்டது. எனவே வழியில் தொலைந்த செய்தியை மீட்கும் ஏற்பாடு என்சிபியில் இடம்பெறவில்லை.

இதனை அஞ்சல்துறையுடன் ஒப்பிட்டு நோக்கலாம். பதிவு அஞ்சலை ஒப்படைத்தவர் அதன்பின் கவலையுறுவதில்லை. உரியவரிடம் சேர்த்து ஒப்புகை பெற்றுவருவது அஞ்சல்துறையின் கடமை. அர்பாநெட் இத்தகைய பதிவு அஞ்சல் முறையை ஒத்திருந்தது. ஒரே அமைப்பு தன் பொறிகளைக் கொண்டு நடத்தும் வலையமைப்பிற்கு இம்முறை பொருந்தும். வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு முறையில் நடத்தும் வலையமைப்புகளை இணைக்க முற்பட்டபோதுதான் இதன் எல்லை புலப்பட்டது.

சிக்ளேட்ஸ் காட்டிய மாற்றுவழி

இதற்கு நேர்மாறான பார்வை பிரான்ஸ் நாட்டில் தோன்றியது. 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிக்ளேட்ஸ் என்னும் ஆய்வு வலையமைப்பிற்கு லூயி பூசான் தலைமை தாங்கினார். அதன் வலையமைப்புப் பகுதி பொதிகளைக் கடத்துவதை மட்டுமே தன் வேலையாகக் கொண்டது. பொதிகள் வரிசை மாறி வரலாம்; தொலைந்தும் போகலாம். அவற்றைச் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, குறைந்தவற்றை மீண்டும் கேட்டுப் பெறுவது முனைக் கணினிகளின் பொறுப்பாயிற்று. இவ்வாறு முன்னேற்பாடான இணைப்பு எதுவுமின்றித் தனித்தனியே பயணம் செய்யும் பொதி டேட்டாகிராம் எனப்பட்டது.

இக்கருத்து தொழில்நுட்ப எல்லையோடு நிற்கவில்லை. ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசித் துறைகள் அக்காலத்தில் அரசின் தனியுரிமையாக இருந்தன. தரவுப் போக்குவரத்தும் தொலைபேசி அழைப்பைப் போன்று முதலில் இணைப்பை ஏற்படுத்தி, பின்னர் வரிசை தவறாமல் நடைபெற வேண்டும் என்பது அவற்றின் நிலைப்பாடு. இதன் வெளிப்பாடாக 1976ஆம் ஆண்டில் எக்ஸ்.25 என்னும் பன்னாட்டுத் தரம் ஏற்கப்பட்டது. பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே கட்டுப்பாடும் இருக்கும் என்பதை இரு தரப்பினரும் உணர்ந்திருந்தனர். பிரான்சின் தொலைபேசித் துறை 1978ஆம் ஆண்டில் எக்ஸ்.25 அடிப்படையிலான டிரான்ஸ்பாக் வலையமைப்பைத் தொடங்கியது; சிக்ளேட்ஸ் திட்டம் நிதியாதரவை இழந்து முடிவுக்கு வந்தது. எனினும் அதன் கருத்து அதற்கு முன்பே அமெரிக்காவை எட்டியிருந்தது. சிக்ளேட்ஸ் குழுவைச் சேர்ந்த ஜெரார் லெ லான், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விண்டன் செர்ஃபின் குழுவுடன் இணைந்து பணியாற்றினார்.

1974: ஒன்றாகப் பிறந்த நெறிமுறை

1970களின் முற்பகுதியில் அர்பா அமைப்பின் ஆதரவில் மூவகை வலையமைப்புகள் உருவாகிக்கொண்டிருந்தன. ஒன்று தொலைபேசிக் கம்பிகளால் இணைந்த அர்பாநெட். மற்றொன்று நகரும் ஊர்திகளில் இயங்கிய வானொலிப் பொதி வலையமைப்பு. மூன்றாவது அட்லாண்டிக் கடலைக் கடந்த செயற்கைக்கோள் வலையமைப்பு. இவற்றின் வேகமும், பொதியின் அளவும், பிழை நேரும் இயல்பும் வேறுவேறாக இருந்தன. வானொலி அலையில் குறுக்கீடு மிகுதி. ஊர்தி ஒரு சுரங்கப் பாதையில் நுழைந்தாலே தொடர்பு அறும். அர்பாநெட்டுக்கு இயன்ற நம்பகத்தன்மையை வானொலி வலையமைப்பிடம் எதிர்பார்க்க இயலாது.

இச்சிக்கலை ராபர்ட் கானும் விண்டன் செர்ஃபும் ஆராய்ந்தனர். 1974ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் ஆய்விதழில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. எந்த வலையமைப்பும் பிறவற்றுடன் இணைவதற்காகத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நுழைவாயில்கள் எளியனவாக இருத்தல் வேண்டும். பொதி தொலைந்தால் அதனை மீண்டும் அனுப்புவது மூல முனையின் வேலை என்பன கானின் அடிப்படைக் கொள்கைகள்.

பொறுப்பு முனைகளுக்கு மாறியது என்பது இங்கேயே உறுதியாயிற்று. எனினும் இக்கட்டுரையிலும், அதே ஆண்டு திசம்பரில் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் ஆகியோர் வெளியிட்ட விரிவான வரையறையிலும் டிசிபி என்பது ஒரே நெறிமுறையாகவே இருந்தது. முகவரியைக் கண்டு பொதியை வழிநடத்தும் வேலையும், வரிசையும் நிறைவும் காக்கும் வேலையும் அதனுள் பிரிவின்றிக் கலந்திருந்தன. இணைய வழியைப் பயன்படுத்த விரும்பும் எவரும் அதன் நம்பகச் சேவையையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருந்தது. வலையமைப்பின் மீதான கட்டாயத்தை நீக்கிய வடிவமைப்பு, பயன்பாட்டின் மீது மற்றொரு கட்டாயத்தைச் சுமத்தியது.

1977–1978: பிரிவு

இக்கட்டாயத்தின் இடர்ப்பாட்டை முதலில் வெளிப்படுத்தியது பேச்சுப் பரிமாற்றம். 1974ஆம் ஆண்டிலேயே அர்பாநெட் வழியே மனிதக் குரலை அனுப்பும் சோதனைகள் நடைபெற்றன. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த டேனி கோஹன் இவற்றில் முன்னின்றார். உரையாடலில் ஒரு பொதி தொலைந்தால் காதுக்கு எட்டுவது நொடிக்கும் குறைவான ஒரு சிறு தடை. அதனை மீண்டும் கேட்டுப் பெறுவதற்காகப் பின்வரும் பொதிகளை நிறுத்திவைத்தால் உரையாடலே குலையும். கோப்பு ஒன்றில் ஓர் எழுத்தும் குறையலாகாது. பேச்சிலோ காலந்தாழ்ந்து வரும் ஒலி பயனற்றது. நம்பகத்தன்மை எப்போதும் நன்மையே என்னும் கருத்து இங்கே தகர்ந்தது.

1977ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய குறிப்பு இதனை வடிவமைப்பின் குறையாகவே சுட்டியது. முனைகளுக்கிடையிலான வேலையையும், ஒவ்வொரு கட்டத்திலும் பொதியைக் கடத்தும் வேலையையும் ஒரே நெறிமுறையில் கலந்தது அடுக்குக் கோட்பாட்டை மீறுவதாகும் என அவர் வாதிட்டார். செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான பப் என்னும் நெறிமுறைத் தொகுதி, டேட்டாகிராமை அடியில் தனியே வைத்து அதன்மேல் நம்பகச் சேவையை அமைத்திருந்தமையும் இங்குக் கருதத்தக்கது.

1978ஆம் ஆண்டில் பிரிவு நிகழ்ந்தது. முகவரியும் வழிச்செலுத்தலும் ஐபியின் பங்காயின. வரிசை, ஒப்புகை, மீள் அனுப்புகை ஆகியவை டிசிபியின் பங்காயின. நம்பகச் சேவையை வேண்டாதவர்களுக்காக யுடிபி என்னும் மூன்றாவது நெறிமுறை 1980ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூன்று பக்க ஆவணமாக வெளிவந்தது. ஐபியும் டிசிபியும் நான்காம் பதிப்பாக 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் முறையே ஆர்எஃப்சி 791, ஆர்எஃப்சி 793 என்னும் ஆவணங்களில் நிலைபெற்றன.

கடமைகளின் பங்கீடு

பிரிவுக்குப் பின் அமைந்த கடமைகளைத் தலைப்புப் பகுதிகளிலிருந்தே அறியலாம். ஐபித் தலைப்பின் குறைந்த அளவு 20 பைட்டுகள். அதில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் தலா 32 பிட்டுகள். பொதி வழிதவறி முடிவின்றிச் சுற்றாதிருக்க ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு திசைவியும் அதனை ஒன்றேனும் குறைக்கும். சுழியானால் பொதி கைவிடப்படும். ஐபியின் சரிபார்ப்பு எண் தலைப்பை மட்டுமே காக்கிறது. உள்ளிருக்கும் தரவைப் பற்றி அது எந்த உறுதியும் அளிப்பதில்லை. அஞ்சலட்டையைப் போல, முகவரி தெளிவாக இருக்கும்வரை அது பயணம் செய்யும்.

டிசிபி ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் அளிக்கிறது. பெறுநர் எதுவரை தடையின்றிப் பெற்றார் என்பதை ஒப்புகை எண் தெரிவிக்கும். குறித்த காலத்திற்குள் ஒப்புகை வாராவிடில் அனுப்புநர் மீண்டும் அனுப்புவார். தம்மிடம் எவ்வளவு இடம் உள்ளது என்பதைப் பெறுநர் சாளரம் என்னும் எண்ணால் அறிவிப்பார். தொடர்பைத் தொடங்க மூன்று செய்திகள் பரிமாறப்படுகின்றன: வேண்டுகோள், அதற்கான ஒப்புகையோடு கூடிய எதிர் வேண்டுகோள், இறுதி ஒப்புகை. பழைய தொடர்பொன்றின் பொதி காலந்தாழ்ந்து வந்து புதிய தொடர்பில் கலந்துவிடும் இடரைத் தவிர்க்கவே இம்மும்முறைக் கைகுலுக்கல் ஏற்பட்டது.

யுடிபியின் தலைப்போ 8 பைட்டுகள் மட்டுமே. இரு துறை எண்கள், நீளம், சரிபார்ப்பு எண் ஆகியவற்றிற்கு அப்பால் அது எதையும் சேர்ப்பதில்லை. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையும் நேரடிப் பேச்சும் இதனைப் பயன்படுத்துகின்றன.

முனை முதல் முனை வரை: கோட்பாடும் சான்றும்

நடைமுறையில் எடுக்கப்பட்ட முடிவிற்குக் கோட்பாட்டு விளக்கம் பின்னரே வந்தது. எம்ஐடியைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகியோர் 1981ஆம் ஆண்டு மாநாட்டில் அளித்து, 1984ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்ட கட்டுரை அது. அவர்கள் காட்டும் சான்று குறிப்பிடத்தக்கது. எம்ஐடியில் பல வலையமைப்புகள் நுழைவாயில்களால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் பொதி சரிபார்க்கப்பட்டமையால் வழி நம்பகமானது எனப் பயனாளர்கள் கொண்டனர். ஆனால் ஒரு நுழைவாயில் கணினி, பொதியைத் தன் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழ பத்து இலட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை இரு பைட்டுகளை இடம்மாற்றியது. கட்டந்தோறும் நடந்த சரிபார்ப்பு இதனைக் கண்டறியவில்லை. ஏனெனில் பிழை இரு சரிபார்ப்புகளுக்கு இடையே நேர்ந்தது. இயக்க முறைமை ஒன்றின் மூலநிரல் கோப்புகள் இவ்வழியே பலமுறை சென்று சிதைந்தன. பழைய அச்சுப்படிகளோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

இடையில் எத்தனை காவல் இருப்பினும், இறுதியில் முனைகள் சரிபார்த்தே ஆக வேண்டும். அவ்வாறாயின் இடையிலுள்ள காவல் விரைவுக்கு உதவலாமேயன்றி உறுதிக்கு மாற்றாகாது என்பதே அவர்களது முடிவு.

1983: மாற்றமும் பரவலும்

1983ஆம் ஆண்டு சனவரி 1 அன்று அர்பாநெட் என்சிபியைக் கைவிட்டு டிசிபி, ஐபிக்கு மாறியது. இதற்கான திட்டத்தைப் போஸ்டல் 1981ஆம் ஆண்டு நவம்பரிலேயே வெளியிட்டிருந்தார். மாறாத கணினிகள் தொடர்பை இழக்கும் என்னும் எச்சரிக்கையாக, 1982ஆம் ஆண்டில் என்சிபி சிறிது காலம் நிறுத்தியும் காட்டப்பட்டது. அதே 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இந்நெறிமுறைகளைத் தன்னகத்தே கொண்டிருந்தமையால் பல்கலைக்கழகங்களில் அவை விரைந்து பரவின. ஐபி தன் கீழுள்ள வலையமைப்பிடம் எதிர்பார்ப்பது மிகக் குறைவு. எனவே எந்த வலையமைப்பும் எளிதில் இணைய முடிந்தது. பரவலின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாக இக்குறைந்த எதிர்பார்ப்பைக் கொள்ளலாம்.

1986: நெரிசலும் தன்னடக்கமும்

1981ஆம் ஆண்டின் வரையறை முனைகளுக்கு அளித்த பொறுப்பு, தத்தம் தரவைக் காக்கும் பொறுப்பே. வழி பலருக்கும் பொதுவானது என்பது அதில் போதிய இடம் பெறவில்லை. பெறுநரின் கொள்ளளவைச் சாளரம் அறிவித்தது. வழியின் கொள்ளளவை அறிவிக்க ஏற்பாடில்லை. நுழைவாயில், வேகத்தைக் குறைக்குமாறு கேட்கும் செய்தி ஒன்று இருந்தபோதிலும், அதனை எப்போது அனுப்புவது, பெற்றவர் என்ன செய்வது என்பன தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஜான் நேகிள், இதனால் வலையமைப்பு செயலிழக்கக்கூடும் என 1984ஆம் ஆண்டு சனவரியில் எச்சரித்து, அந்நிலைக்கு நெரிசற் சரிவு என்னும் பொருள்படும் பெயரையும் இட்டார்.

1986ஆம் ஆண்டு அக்டோபரில் அது நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடைத்தொலைவு 400 கஜம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்த போக்குவரத்து, 40 பிட்டுகளாகச் சுருங்கியது. அதாவது எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறவில்லை; பொறி பழுதாகவில்லை. திசைவிகளில் வரிசை நீண்டபோது ஒப்புகை தாமதமாயிற்று. தாமதத்தைத் தொலைவு எனக் கொண்ட முனைகள் அதே பொதியை மீண்டும் அனுப்பின. வரிசை மேலும் நீண்டது. ஒவ்வொரு முனையும் தன் கடமையை விதிப்படி செய்தது. அனைத்தும் கூடி வழியை அடைத்தன.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சனும் பெர்க்லியின் மைக்கேல் கேரல்ஸும் இதற்குத் தீர்வு கண்டனர். 1988ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. கம்பிவழித் தொடர்பில் பொதி சிதைந்து தொலைவது அரிது. ஆகவே தொலைவு நேர்ந்தால் அது நெரிசலின் அடையாளம் எனக் கொள்ளலாம் என்பது அவர்களது அடிப்படை. தொடக்கத்தில் சிறிதளவே அனுப்பி, ஒப்புகை வர வர உயர்த்துதல். தொலைவு கண்டதும் அளவை வெகுவாகக் குறைத்துப் பின்னர் மெல்ல மெல்ல ஏற்றுதல். காத்திருக்கும் காலத்தை அதன் ஏற்ற இறக்கத்தையும் கருதிக் கணித்தல் ஆகியவை அவர்கள் வகுத்த முறைகள். ஐபியிலோ திசைவிகளிலோ எம்மாற்றமும் தேவைப்படவில்லை. முனைக் கணினிகளின் மென்பொருளைத் திருத்தியதே போதுமானதாயிற்று. 1978ஆம் ஆண்டின் பிரிவு இத்திருத்தத்தை எளிதாக்கியது எனலாம். 1989ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1122, இம்முறைகளை டிசிபிக்குக் கட்டாயமாக்கியது.

எனினும் அக்கட்டாயம் ஆவணத்தில் உள்ள கட்டாயமே. விதியை மீறி மிகுதியாக அனுப்பும் முனையைத் தடுக்கும் ஆற்றல் ஐபிக்கு இல்லை. தன் தரவைக் காத்தல் என்னும் பொறுப்போடு, பொது வழியைக் காத்தல் என்னும் தன்னடக்கமும் முனைகளிடமே ஒப்படைக்கப்பட்டது.

நிறைவுறாத பிரிவு

டிசிபியும் ஐபியும் முற்றிலும் பிரிந்துவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. டிசிபித் தொடர்பு ஒன்று, இரு துறை எண்களாலும் இரு ஐபி முகவரிகளாலும் அடையாளம் பெறுகிறது. அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணிக்கவும் ஐபி முகவரிகள் தேவை. ஆகவே கைப்பேசி, வீட்டு வலையமைப்பிலிருந்து தொலைபேசி வலையமைப்பிற்கு மாறி முகவரி வேறானதும், நடைபெற்றுக்கொண்டிருந்த டிசிபித் தொடர்பு அறுந்துவிடுகிறது. 32 பிட் முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. அப்பற்றாக்குறையை ஈடுசெய்ய 1990களில் வந்த முகவரி மாற்றுப் பொறிகள், ஐபி முகவரியோடு டிசிபியின் துறை எண்ணையும் இடைவழியிலேயே மாற்றின. முனைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட தலைப்பில் இடைநிலைப் பொறிகள் கைவைத்தன. இதனால் அப்பொறிகள் அறிந்த டிசிபி, யுடிபி ஆகியவற்றைத் தவிர வேறு புதிய நெறிமுறை பரவுவது அரிதாயிற்று.

2021ஆம் ஆண்டு மே மாதம் தரப்படுத்தப்பட்ட குயிக் என்னும் நெறிமுறை இத்தடையை யுடிபியின் துணையால் கடந்தது. அது யுடிபிப் பொதிக்குள் பயணம் செய்து, வரிசையையும் ஒப்புகையையும் நெரிசற் கட்டுப்பாட்டையும் தானே மேற்கொள்கிறது. தன் தலைப்பின் பெரும்பகுதியையும் மறையாக்கம் செய்து இடைநிலைப் பொறிகளிடமிருந்து காக்கிறது. தொடர்புக்கெனத் தனி அடையாள எண் வைத்திருப்பதால் முகவரி மாறினும் தொடர்பைப் பேண வல்லது. பேச்சுக்காகத் திறக்கப்பட்ட சிறு வாயில், நாற்பதாண்டுகளுக்குப் பின் நம்பகப் பரிமாற்றத்திற்கும் வழியாயிற்று.

முடிவுரை

அர்பாநெட் பொறுப்பை வலையமைப்பிடம் வைத்தது. சிக்ளேட்ஸ் அதனை முனைகளிடம் வைத்தது. 1974ஆம் ஆண்டின் டிசிபி பொறுப்பை முனைகளுக்கு மாற்றியபோதும் அனைவர்மீதும் ஒரே சேவையைச் சுமத்தியது. 1978ஆம் ஆண்டின் பிரிவு அச்சுமையை இறக்கியது. 1986ஆம் ஆண்டின் நெரிசல், பிழை திருத்துதலோடு பிறர்க்கு இடம்விடுதலும் அப்பொறுப்பில் அடங்கும் என்பதை உணர்த்தியது. ஐபிக்கும் டிசிபிக்கும் இடையிலான கோடு இவ்வாறு பொறுப்பையும் கட்டுப்பாட்டையும் பங்கிடும் கோடாகவே அமைந்தது. முகவரி மாற்றுப் பொறிகள் அக்கோட்டைக் கடந்தன. குயிக் அதனை மறையாக்கத்தால் மீண்டும் வரைந்தது. வலையமைப்புப் பாடத்தில் அடுக்குகளின் பெயரைக் கற்பிப்பதோடு, ஒவ்வோர் அடுக்கும் எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்; ஐபி ஏற்க மறுத்த பொறுப்புகளே டிசிபிக்கும் யுடிபிக்கும் குயிக்குக்கும் இடமளித்தன.